மூன்றாம் வருடமும் ஓடுகிற வெப்சைட்: எல்லையோரச் சிறு கடைகளுக்கு மலிவாகச் செய்து கொடுக்கும் முறை

தமிழ்நாடு, கேரள எல்லையில் கம்பம், கூடலூர், போடி, குமுளி பக்கம் வெப்சைட் கேட்டு வருகிறவர்களில் பலருக்கு அது முதல் வெப்சைட் இல்லை. இரண்டு மூன்று வருடம் முன்பு யாரோ செய்து கொடுத்திருப்பார்கள். டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், அவருடைய மெயிலில் இருந்திருக்கும், பாஸ்வேர்டு அவருக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவர் வேலை கிடைத்து பெங்களூர் போன பிறகு புதுப்பிக்க ஆளில்லாமல் பெயர் காலாவதியாகி, இப்போது அந்த முகவரியில் யாரோ சூதாட்ட விளம்பரம் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கடை போர்டிலும் பில் புத்தகத்திலும் மட்டும் அதே முகவரி இருக்கும்.

தானாகக் கற்றுக்கொண்டு, பகுதி நேரமாக இந்த வேலைக்கு வருகிறவர் முதலில் இதை மனதில் வைக்க வேண்டும். செய்து கொடுக்கிற கூலியைக் குறைப்பது பெரிய காரியமில்லை. நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும், மூன்றாம் வருடத்திலும், கடைக்காரர் கையைக் கடிக்காமல் அது ஓட வேண்டும். எந்தக் கருவி, எந்த ஹோஸ்டிங் (பக்கங்களை இணையத்தில் வைக்கும் இடம்), எத்தனை பக்கம், யார் பெயரில் கணக்கு என்ற எல்லா முடிவையும் இதை வைத்தே எடுங்கள்.

முதல் பேச்சு

ஏலக்காய் வியாபாரி, ஹோம்ஸ்டே, ஜீப் சவாரி, பன்னீர் திராட்சைத் தோட்டம், நர்சரி, கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர். இந்தப் பக்கத்தில் கிடைக்கிற வேலை பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான். இவர்களிடம் கலர், டிசைன் பற்றிப் பேச்சைத் தொடங்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, புதுசா வர்றவங்க உங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? போன் பண்றாங்களா, வாட்ஸ்அப்ல கேக்குறாங்களா, நேரா வந்துடுறாங்களா? தினம் திரும்பத் திரும்ப என்ன கேள்விக்குப் பதில் சொல்றீங்க?" அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் வெப்சைட்டில் இருக்க வேண்டிய விஷயம். ஹோம்ஸ்டே என்றால் ரூம் வாடகை, கார் நிறுத்த இடம், வெந்நீர், சைவச் சாப்பாடு, தேக்கடி படகுத் துறைக்கு எவ்வளவு தூரம். மண்டபம் என்றால் எத்தனை பேர் உட்காரலாம், பந்தியில் ஒரு தடவைக்கு எத்தனை இலை போடலாம், ஜெனரேட்டர் உண்டா, டெபாசிட் எவ்வளவு.

சிலருக்கு வெப்சைட்டே தேவைப்படாது. கூகுள் மேப்பில் கடை சரியான இடத்தில், சரியான போன் நம்பரோடு இருந்தாலே போதும். அப்படியானால் அதை வெளிப்படையாகச் சொல்லி, கூகுள் பிசினஸ் புரொஃபைலை மட்டும் சரிசெய்து கொடுத்து ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு கடைக்காரரின் ஜிமெயிலில்தான் இருக்க வேண்டும். உங்களை மேனேஜராகச் சேர்த்தால் போதும். சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெரு, கடை போர்டு, பிறகு முதலாளியே ஷட்டரைத் திறப்பது அல்லது கல்லாவைத் திறப்பது, இவை வெட்டாமல் ஒரே ஓட்டமாக வர வேண்டும். பத்து மணிக்கு மேல் கூட்டம் வந்துவிடும். காலையில் கடை திறக்கும் நேரத்துக்கே போய் எடுத்துவிடுங்கள்.

அதே இடத்தில் கூகுள் இலவசமாகக் கொடுத்து வந்த ஒரு பக்க வெப்சைட்டை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். பழைய லிஸ்டிங்கில் அந்த லிங்க் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். தொட்டால் ஒன்றும் திறக்காத லிங்க், கடையையே மூடிவிட்டார்களோ என்று நினைக்க வைக்கும்.

சீசனையும் முதல் பேச்சிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குமுளி ஹோம்ஸ்டேவுக்கு கார்த்திகை பிறப்பதற்குள், அதாவது நவம்பர் நடுவுக்குள், எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு சபரிமலைக் கூட்டமும் கிறிஸ்துமஸ் லீவும் சேர்ந்துவிடும், அவருக்கு உங்களோடு பேச நேரமிருக்காது. குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் லாட்ஜ் என்றால் மே மாதத்துக்குள். ஓணத்துக்கு முந்தின வாரம் கேரளத்துக் கடைக்காரரிடம் போட்டோ கேட்டால் வராது.

விலை

இந்த ஊர்களுக்குப் பொருந்துகிற, உங்களுக்கும் கட்டுபடியாகிற விலை இது: ஒரே பக்கம் என்றால் 4,000 முதல் 5,000 ரூபாய். ஐந்து பக்கம் என்றால் 9,000 முதல் 12,000. இரண்டாவது மொழிக்கு 2,500, மொழிபெயர்ப்பவர் கூலி தனி. வருடப் பராமரிப்பு 1,500 முதல் 2,000. அதில் நான்கு சின்னத் திருத்தம் அடக்கம். டொமைன் பணத்தை இதில் சேர்க்காதீர்கள். அதைக் கடைக்காரர் தன் கார்டிலோ யுபிஐயிலோ நேரடியாகக் கட்டட்டும்.

ஐந்து பக்க வேலைக்கு மணிக்கணக்கு போட்டுப் பாருங்கள். பேச்சும் தகவல் சேகரிப்பும் 5 மணி நேரம், படம் எடுத்துச் சுருக்குவது 4, வாசகம் எழுதுவது 6, பக்கம் கட்டுவது 8, சோதனையும் டொமைன் இணைப்பும் 3, திருத்தங்கள் 4. மொத்தம் 30 மணி. 10,500 ரூபாய் வாங்கினால் மணிக்கு 350. வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஐந்து வாரம். கடைக்காரரிடம் ஏழு வாரம் என்று சொல்லுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பக்கம் கட்டுகிற 8 மணி நேரத்தை மட்டும் வைத்து விலை சொல்லிவிடுகிறார்கள். மீதி 22 மணி நேரம் இலவச வேலையாகிப் போய், பாதியில் சலித்து, கடைக்காரர் போனை எடுக்காமல் விடுவது அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பணத்தை 40, 40, 20 என்று பிரித்து வாங்குங்கள். தொடங்கும்போது 40 சதவீதம். சோதனை லிங்கில் பக்கத்தைக் காட்டியதும் அடுத்த 40. கடைசி 20 வந்த பிறகுதான் அவருடைய டொமைனில் இணைப்பது. வேலையை இழுக்கிற பெரிய காரணம் கடைக்காரரிடமிருந்து தகவலும் படமும் வராததுதான். அதற்கு ஒரு வரி எழுத்தில் இருக்க வேண்டும். வக்கீல் தாள் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பி, அவர் "சரி" என்று பதில் போட்டால் போதும்:

"அண்ணே, நம்ம பேசினது: 5 பக்கம், தமிழ் மட்டும், 10,500 ரூபாய். முன்பணம் 4,200. போட்டோவும் விலைப்பட்டியலும் 15 நாளுக்குள்ள கிடைச்சா ஏழு வாரத்துல முடியும். லேட்டானா அத்தனை நாள் தள்ளிப் போகும். திருத்தம் ரெண்டு தடவை இதுலயே அடக்கம், அதுக்கு மேல ஒரு தடவைக்கு 500. டொமைன், ஜிமெயில் எல்லாம் உங்க பேர்லயே இருக்கும். வருஷா வருஷம் டொமைன் காசு நீங்க கட்டணும், நான் ஒரு மாசம் முன்னாடி ஞாபகப்படுத்துறேன்."

வேர்ட்பிரஸா, வெறும் எச்டிஎம்எல்லா

மூன்று வருடக் கணக்கு இதற்கும் பதில் சொல்லும். வேர்ட்பிரஸ் என்பது கடைக்காரரே உள்ளே போய் எழுதி மாற்றக்கூடிய மென்பொருள். அதை ஓட்டப் பெரும்பாலும் ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது பல வெப்சைட்டுகள் பகிர்ந்துகொள்ளும் வாடகை இடம், வாங்குவார்கள். ஷேர்டு ஹோஸ்டிங் விளம்பரத்தில் இருப்பது முதல் தவணை விலை. புதுப்பிக்கும்போது அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். வாங்கும்போதே புதுப்பிக்கும் விலையைத் தேடிப் பார்த்து அதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் டொமைனோடு மாதம் 300 ரூபாய் ஹோஸ்டிங் சேர்ந்தால் வருடத்துக்கு 4,600. வருடத்துக்கு ஒரு தடவைதான் விலைப்பட்டியல் மாறுகிற மண்டபத்துக்கு இது வீண் செலவு.

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் மட்டும் கொண்ட பக்கங்களை கிளவுட்ஃப்ளேர் பேஜஸில் இலவசமாக வைக்கலாம். எவ்வளவு பேர் பார்த்தாலும் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஒரு கோப்பு 25 எம்பிக்குள் இருக்க வேண்டும். பூட்டுக்குறி காட்டுகிற எச்டிடிபிஎஸ் சான்றிதழை அதுவே புதுப்பித்துக்கொள்ளும். வருடச் செலவு டொமைன் மட்டும். இலவசம் என்று கிடைப்பதையெல்லாம் கடைக்குப் பயன்படுத்தக் கூடாது: வெர்செலின் இலவசத் திட்டம் வணிகத்துக்கு இல்லை, கிட்ஹப் பேஜஸும் இணைய வியாபாரம் நடத்துவதற்கு இல்லை என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள்.

வேர்ட்பிரஸ் எப்போது சரி? கடைக்காரரோ அவர் மகளோ வாரத்துக்கு ஒரு தடவையாவது தாங்களே எழுதிப் போடுவார்கள் என்றால் சரி. அப்போதும் பிளகின் (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் துணை மென்பொருள்) ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் (வடிவமைப்புத் தொகுப்பு) ஒன்றை யாரோ உடைத்து இலவசமாகப் பகிர்ந்திருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். அதற்குள் பின்வாசல் வைத்துத்தான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். சில மாதம் கழித்து கூகுளில் கடை பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் பொய்க் கடைப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். அதைத் துடைக்க ஆகும் நேரத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

ஏலக்காய் வியாபாரிகள் ஒன்று கேட்பார்கள்: "தினமும் ரேட் மாறணும்." போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலம் நடக்கிறது, விலை அதையொட்டித்தான் நகரும். இதற்காக வேர்ட்பிரஸ் போட வேண்டியதில்லை. கடைக்காரரின் போனில் ஒரு கூகுள் ஷீட் போட்டுக் கொடுங்கள்: தேதி, ரகம், கிலோ விலை, மூன்றே கட்டம். ஷீட்டை வெப்பில் சிஎஸ்வியாக (வெறும் எழுத்து அட்டவணையாக) வெளியிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படித்துக் காட்டட்டும். மாற்றியது பக்கத்தில் வரச் சில நிமிடம் ஆகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். முக்கியமானது இனிமேல்தான்: அவர் இரண்டு வாரம் உற்சாகமாக மாற்றுவார், பிறகு மறந்துவிடுவார். பழைய விலையைப் பார்த்து வந்த ஆள் கடையில் நின்று சண்டை போடுவார். அதனால் தேதி மூன்று நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் விலையை மறைத்து, "இன்றைய விலைக்கு அழைக்கவும்" என்று போன் நம்பரைக் காட்டும்படி எழுதிவிடுங்கள்.

பெயரும் சாவியும்

கடைக்கென்று ஒரு ஜிமெயில் தொடங்குங்கள். மீட்பு நம்பர் முதலாளியுடையது. இரண்டு அடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, கூகுள் கொடுக்கும் பத்து அவசரக் குறியீடுகளை அச்சடித்து அவர் பில் புத்தகம் வைக்கும் மேசை அறையில் வைக்கச் சொல்லுங்கள். டொமைன், கிளவுட்ஃப்ளேர், கூகுள் பிசினஸ் எல்லாம் அந்த ஒரே மெயிலில். நீங்கள் ஒவ்வொன்றிலும் உறுப்பினராகச் சேர்ந்துகொள்ளலாம்.

டொமைன் பெயரைத் தீர்மானிக்கும் முன் போனில் ஒரு சோதனை செய்யுங்கள். கம்பத்தில் ஒருவரிடமும் குமுளியில் ஒரு மலையாளியிடமும் பெயரை வாயால் மட்டும் சொல்லி டைப் செய்யச் சொல்லுங்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி டைப் செய்தால் எடுத்துக்கொள்ளலாம். ழகரம், நெடில், இரட்டை எழுத்து உள்ள பெயர்கள் இதில் தோற்கும். நடுக்கோடு போட்ட பெயரும் தோற்கும்.

டாட் காம் வாங்கினால் பதினைந்து நாளுக்குள் பதிவு மெயிலுக்கு வரும் லிங்கை அழுத்தி உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் டொமைனை நிறுத்திவைத்துவிடுவார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வெப்சைட் இரண்டு வாரம் கழிந்ததும் காரணமே தெரியாமல் நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்த விபத்து மெயிலில் நடப்பது. கடைக்காரர் ஏற்கெனவே சொந்த டொமைனில் மெயில் வைத்திருந்து, நீங்கள் நேம்சர்வரை (டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் இடத்தை) கிளவுட்ஃப்ளேருக்கு மாற்றினால், பழைய இடத்தில் இருந்த எம்எக்ஸ் பதிவு (மெயில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்வது) தானாகச் சரியாக வந்துவிடும் என்று நம்பாதீர்கள். வெப்சைட் அழகாகத் திறக்கும். மெயில் மட்டும் வராது. வராத மெயிலைப் பற்றி யாருக்கும் தெரியவும் தெரியாது. மாற்றும் முன் இந்தப் பதிவுகள் இருக்கும் பழைய டிஎன்எஸ் பக்கத்தை முழுக்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எம்எக்ஸ், டெக்ஸ்ட் பதிவுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, மாற்றிய பிறகு வெளியிலிருந்து ஒரு மெயில் அனுப்பி வந்து சேருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

எடை

முகப்புப் பக்கம் படத்தோடு சேர்த்து 500 கேபி. இதைத் தாண்டாதீர்கள். கூகுளின் பேஜ்ஸ்பீடு சோதனை செல்போனுக்கு வைக்கும் மெதுவான 4ஜி வேகம் விநாடிக்கு 1.6 மெகாபிட். அந்த வேகத்தில் 500 கேபி இறங்க இரண்டரை விநாடி. பக்கத்தின் பெரிய படம் தெரிய கூகுள் 'நல்லது' என்று வைத்திருக்கும் எல்லையும் இரண்டரை விநாடிதான். 3 எம்பி பக்கம் பதினைந்து விநாடி எடுக்கும். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும் பஸ்ஸில் சிக்னல் வந்து வந்து போகும். ரூம் தேடுகிறவர் அங்கே பதினைந்து விநாடி காத்திருக்க மாட்டார், அடுத்த ஹோம்ஸ்டேக்குப் போய்விடுவார்.

எடையில் பெரும்பங்கு படம். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நசுங்கி வரும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும். அந்த 4 எம்பி அசலைப் படம் சுருக்கும் ஸ்குவூஷ் தளத்தில் போட்டு, அகலம் முகப்புக்கு 1600 பிக்சல், உள்பக்கத்துக்கு 800, வெப்பி (WebP) வடிவம், தரம் 75 என்று வைத்தால் பெரும்பாலும் 100 முதல் 150 கேபிக்குள் வந்துவிடும். இலை, புல், ஏலச்செடி நிறைந்த படங்கள் நுணுக்கம் அதிகமாதலால் கூடுதல் எடை நிற்கும். அவற்றுக்குத் தரத்தை 65 வரை இறக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் எச்டிஎம்எல்லில் எழுதுங்கள். எழுதாவிட்டால் படம் இறங்கும்போது எழுத்து கீழே துள்ளும், போன் பட்டனைத் தொடப் போன விரல் வேறெதையோ தொடும். கீழே உள்ள படங்களுக்கு லேசி லோடிங் (பக்கத்தை அங்கே நகர்த்தும்போது மட்டும் படம் இறங்கும் முறை) போடுங்கள், முதல் படத்துக்கு மட்டும் போடாதீர்கள். போட்டால் அதுதான் கடைசியாக வரும்.

ஹோம்ஸ்டேக்கு அந்த வீட்டின் படம் மட்டுமே போட வேண்டும். கூகுளில் கிடைத்த தேக்கடி யானைப் படத்தை எடுத்துப் போட்டால் உரிமையாளரிடமிருந்து நோட்டீஸ் வரலாம், வருவது கடைக்காரர் பெயருக்கு. கேரளச் சுற்றுலாத் துறையின் டயமண்ட், கோல்டு, சில்வர் தரச் சான்று இருந்தால் முகப்பிலேயே போடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சொல்லே பக்கத்தில் வரக் கூடாது.

இரண்டு மொழி

எல்லையோர வேலையில் கவனம் அதிகம் கேட்பது இதுதான். நன்றாகச் செய்தால் வெளியூர் ஏஜென்சியால் உங்களோடு போட்டி போட முடியாததும் இதில்தான்.

கடைக்காரர் வாசகமாகக் கொடுப்பது பெரும்பாலும் பழைய நோட்டீஸ் கோப்பு. அச்சகத்தில் பாமினி என்ற, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அதை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வரும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாக) மாற்றுங்கள், ஆனால் அப்படியே நம்பி ஒட்டாதீர்கள். அச்சகத்தில் டைப் செய்கிறவர்கள் துணைக்காலுக்குப் பதில் ரகரத்தையும் ரகரத்துக்குப் பதில் துணைக்காலையும் தட்டியிருப்பார்கள். தாளில் ஒன்றுபோலத் தெரியும், மாற்றிய பின் தேடலில் சிக்காது. ஒகர உயிர்மெய்யை ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று தட்டியிருந்தாலும் இதே கதிதான். அதை மட்டும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். மலையாளத்தில் எம்எல்-டிடி (ML-TT) வகைப் பழைய எழுத்துருக்களிலும் இதே தொல்லை. அதோடு சில்லெழுத்துக்கு (உயிர் சேராத மெய்க்கு மலையாளத்தில் உள்ள தனி வடிவம்) 2008இல் யூனிகோடு 5.1 தனிக் குறியீடு கொடுத்ததால், பழைய முறையில் தட்டிய சொல்லும் புதிய முறையில் தட்டிய சொல்லும் பார்வைக்கு ஒன்றாக இருந்தும் கணினிக்கு வேறு வேறு. ஒரு பக்கத்துக்குள் ஒரே முறை இருக்கட்டும்.

எழுத்துரு இறக்க வைப்பது பெரும்பாலும் வீண். ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழும் மலையாளமும், ஐபோனில் சங்கம் எழுத்துருக்களும், விண்டோஸில் இரண்டுக்கும் சேர்த்து நிர்மலா யுஐயும் ஏற்கெனவே இருக்கின்றன. சிஎஸ்எஸ்ஸில் சிஸ்டம் எழுத்துரு என்று விட்டுவிட்டால் எடை பூஜ்யம். எழுத்தளவு 17 அல்லது 18 பிக்சல். வரி உயரம் தமிழுக்கு 1.6, மலையாளத்துக்கு 1.8, கூட்டெழுத்துகள் கீழே அடுக்கிவருவதால் குறைத்தால் அடுத்த வரியைத் தொடும். எழுத்து இடைவெளியைக் கூட்டும் லெட்டர்-ஸ்பேசிங்கைத் தமிழில் போடவே கூடாது. கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகும். இருபுறமும் சமன் செய்யும் ஜஸ்டிஃபையும் வேண்டாம். நம் சொற்கள் நீளம், 360 பிக்சல் திரையில் ஒரு வரியில் மூன்று சொல்தான் நிற்கும், நடுவில் பெரிய ஓட்டைகள் விழும். தலைப்புக்கு, நீண்ட சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் ஓவர்ஃப்ளோ-ராப் போட்டுவிடுங்கள். "முன்பதிவுசெய்துகொள்ளலாம்" போன்ற ஒரே சொல் திரைக்கு வெளியே நீண்டு பக்கத்தையே இடவலமாக ஆட வைக்கும்.

ஒரே பக்கத்தில் இரண்டு மொழியையும் மேலும் கீழுமாகப் போடாமல், மொழிக்கு ஒரு ஃபோல்டர் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் மொழிக் குறியீடு எழுதி, ஹெச்ரெஃப்லாங் (இன்ன மொழிக்கு இன்ன பக்கம் என்று கூகுளுக்குச் சொல்லும் குறிப்பு) மூலம் இரண்டையும் இணையுங்கள். அப்போதுதான் மலையாளத்தில் தேடுகிறவருக்கு மலையாளப் பக்கம் போகும். மொழி மாற்றும் பட்டனில் அந்தந்த மொழிப் பெயரை அந்தந்த எழுத்திலேயே எழுதுங்கள், கொடி வேண்டாம். போன் இருக்கும் மாநிலத்தைக் கண்டுபிடித்துத் தானாக மொழியை மாற்றும் வேலையும் வேண்டாம். எல்லையில் அது தப்பாகத்தான் காட்டும், சரியாகக் காட்டினாலும் குமுளியில் நிற்கும் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்களாக இருக்கலாம்.

மலையாள வாசகத்தைக் கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டு ஒட்டாதீர்கள். உள்ளூரில் மலையாளம் படித்து வளர்ந்த ஒருவருக்குப் பக்கத்துக்கு 200, 300 ரூபாய் கொடுத்து எழுதி வாங்குங்கள், அதைக் கடைக்காரருக்குத் தெரிந்த இன்னொரு மலையாளியிடம் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்கிறவர் எங்கே தடுக்குகிறாரோ அங்கே திருத்தம் தேவை. விலையும் போன் நம்பரும் ஒரு மொழியில் மாறி இன்னொன்றில் மாறாமல் இருப்பதுதான் பிற்காலத்தில் வரும் பெரிய தகராறு. அவற்றை ஒரே ஒரு தரவுக் கோப்பில் வைத்து, இரண்டு மொழிப் பக்கமும் அங்கிருந்தே எடுக்கும்படி லெவன்டி போன்ற கருவியில் கட்டினால் ஒரு இடத்தில் மாற்றினால் போதும்.

அழைப்பு, பணம், தாள்

சிறு கடைக்குப் படிவம் தேவையில்லை. திரையின் அடியில் ஒட்டி நிற்கும் இரண்டு பட்டன் போதும்: அழைக்க ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று. வாட்ஸ்அப் லிங்கில் நம்பரை 91 சேர்த்து, கூட்டல்குறியும் முன்பூஜ்யமும் இல்லாமல் எழுத வேண்டும். முன்பூஜ்யம் இருந்தால் நம்பர் தவறு என்று வரும். "ரூம் வேண்டும். வரும் தேதி: , ஆட்கள்: " என்று செய்தியை முன்கூட்டியே நிரப்பி வைத்தால் கடைக்காரருக்கு இரண்டு கேள்வி மிச்சம். அட்வான்ஸோடு ஆதார், பாஸ்போர்ட் நகலையும் படிவத்தில் வாங்கித் தரச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். அந்த நகல்களைப் பாதுகாக்கும் ஏற்பாடு இந்த விலையில் கிடையாது, வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுத் தளத்தில்தான் ஏற்ற வேண்டும்.

ஜிஎஸ்டியில் எல்லை ஒரு வித்தியாசம் செய்கிறது. நீங்கள் கொடுப்பது சேவை. வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய் தாண்டாதவரை, கேரளத்துக் கிளையண்டுக்குச் செய்தாலும் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி போடவும் கூடாது. ஆனால் குமுளி மசாலாக் கடைக்காரர் வெப்சைட்டில் ஆர்டர் வாங்கித் தமிழ்நாட்டுக்கு ஏலக்காய் அனுப்பினால், அது மாநிலம் கடந்து போகும் சரக்கு. அவருக்கு விற்பனை எவ்வளவு சிறியதானாலும் பதிவு வேண்டும். ஷாப்பிங் கார்ட் போடும் முன் ஜிஎஸ்டி எண்ணையும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண்ணையும் கேட்டு வாங்கிப் பக்கத்தின் அடியில் போடுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் கார்ட் வேண்டாம், விலைப்பட்டியல் மட்டும் போதும். நீங்கள் அரசு ஊழியர் என்றால் துறை அனுமதியில்லாமல் காசு வாங்கி இந்த வேலை செய்யக் கூடாது. தனியார் வேலையிலும் பணி ஒப்பந்தத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

திறப்பதற்கு முன்

லேப்டாப்பில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். எட்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன் ஒன்றில், வைஃபையை அணைத்துவிட்டு, வெயிலில் நின்று பாருங்கள். வெளிர் சாம்பல் எழுத்து அங்கே தெரியாது. கடைக்காரரின் அம்மாவிடம் போனைக் கொடுத்து "கடைக்கு போன் போடுங்கம்மா" என்று மட்டும் சொல்லி, கை காட்டாமல் நில்லுங்கள். பட்டன் சரியான இடத்தில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் லிங்கைப் பகிரும்போது வரும் முன்னோட்டப் படம் 1200க்கு 630 பிக்சல், 300 கேபிக்குள் இருக்கட்டும். லிங்கை யாருக்கும் அனுப்புவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப் முதலில் எடுத்த முன்னோட்டத்தைச் சேமித்துக்கொள்ளும். படமில்லாமல் முதல் தடவை குரூப்பில் போட்டுவிட்டால் நாட்கணக்கில் வெறுமையாகவே வரும். கூகுளின் சர்ச் கன்சோலில் டொமைனைச் சேர்த்து சைட்மேப் (பக்கங்களின் பட்டியல்) கொடுங்கள். கூகுளில் வர சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். 'முதல் இடம் வாங்கித் தருகிறேன்' என்று எவருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஒப்படைக்கும் நாளில் ஒரே ஒரு தாள் அச்சடித்துக் கொடுங்கள். டொமைன் எங்கே வாங்கியது, காலாவதி தேதி, கடை ஜிமெயில் முகவரி, ஹோஸ்டிங் எங்கே, கோப்புகளின் நகல் எந்த டிரைவில், விலை மாற்ற யாரை அழைப்பது. பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம். ஜிமெயில் அவர் போனில் திறந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கியிருந்தாலும், கார்டு மாறியோ வங்கி ஒப்புதல் கேட்டோ பணம் போகாமல் நின்றுவிடும், அதனால் காலாவதிக்கு 30 நாள் முன்பும் 7 நாள் முன்பும் உங்கள் போன் காலண்டரில் ஒரு அறிவிப்பு வையுங்கள்.

நீங்களே வேறு ஊருக்கு மாறினாலோ இந்த வேலையை விட்டாலோ, மூன்று மாதம் முன்பு ஒவ்வொரு கடைக்காரருக்கும் சொல்லுங்கள். டொமைனை அடுத்த இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டச் சொல்லிவிட்டு, பக்கத்து ஊரில் இந்த வேலை தெரிந்த ஒருவரின் நம்பரைக் கொடுத்து, அவரை உறுப்பினராகச் சேர்த்து, அவர் ஒரு சின்னத் திருத்தம் செய்து பக்கத்தில் தெரிகிறதா என்று பார்த்த பிறகு உங்கள் பெயரைக் கணக்குகளிலிருந்து நீக்கிக்கொள்ளுங்கள்.